பேரும் ஊரும் போட்ட ஜெபம்

ரகசியம் காக்க வாயைக் கட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நாற்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். 1999ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி வரை என்று சரியாகவே சொல்லிவிடலாம்.

அதுவரை எட்டு மாதமாக என் தங்கை செல்லக்கனி எங்கே இருக்கிறாள் என்பது ராஜபாளையத்தில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. தெருவில் கேட்டார்கள். சர்ச்சில் கேட்டார்கள். நான் டைப்பிஸ்டாக இருந்த, ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி செய்கிற கம்பெனியில் மேனேஜர் கூட ஒரு நாள் விசாரித்தார். எல்லாருக்கும் ஒரே பதில்தான். தூத்துக்குடியில் புருஷனோடு சௌக்கியமாக இருக்கிறாள். ஊர் வாயில் விழுவது எனக்கு ஆகவே ஆகாது.

உண்மையில் அவள் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தாள். தெற்கு ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறை. ஒரு தையல் கடையில் வேலை. ஏழு வயது மகள் பெனிட்டா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு.

அவள் புருஷன் பொன்னுராஜ் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கிளார்க். பார்த்தால் சாது. சட்டை மடிப்புக் கலையாது. கதவைச் சாத்திவிட்டால் வேறு ஆள். கனியின் முதுகில் இஸ்திரிப் பெட்டியின் முனை பட்ட தழும்பு முக்கோணமாக இருக்கிறது, நானே மருந்து போட்டிருக்கிறேன். கடைசியாக ஒரு நாள் சோறு தின்றுகொண்டே, நீ போனால் உன்னைக் கொன்றுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்றானாம். கத்தவில்லையாம். ரசம் ஊற்றச் சொல்வது போலச் சொன்னானாம். மறுநாள் அவன் ஆபீஸுக்குப் போனதும் கனி பிள்ளையோடு பஸ் ஏறிவிட்டாள்.

அவன் என் வீட்டுக்கு இரண்டு தடவை வந்தான். நான் ஒன்றும் தெரியாதவள் போல, என் தங்கையை என்ன செய்தாய் என்று அவனையே பிடித்துக்கொண்டேன். முழித்தான். போய்விட்டான். அந்த வெற்றியில் எனக்கு ஒரு மிதப்பு வந்தது. மாதம் ஒரு தடவை அவளைப் பார்க்கப் போவேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, முக்காட்டைப் போட்டுக்கொண்டு நடப்பேன். கடிதம் எழுத மாட்டேன். போன் பேச மாட்டேன். இவ்வளவு கெட்டிக்காரி நான்.

ஆனால் ஒரு பாரத்தை யாரிடமாவது இறக்கி வைக்காமல் எட்டு மாதம் சுமக்க முடியவில்லை. சர்ச்சில் சொல்லலாமென்றால் பொன்னுராஜின் சித்தி எனக்கு இரண்டு பெஞ்சு தள்ளித்தான் உட்காருவாள். கனி போனதைக் குடும்ப மானத்துக்காக அவளும் வெளியே சொல்லவில்லை, காதை மட்டும் தீட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கன்வென்ஷன் பந்தலில் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் மூலம் ஜெப விண்ணப்பம் அனுப்பலாம், உலகமெங்கும் இருக்கிற விசுவாசிகள் உங்களுக்காக ஜெபிப்பார்கள் என்று போட்டிருந்தது. எனக்குத் தோதாகப் பட்டது. அமெரிக்காக்காரனுக்குச் செல்லக்கனியைப் பற்றித் தெரிந்தால் தெரியட்டும்.

கம்பெனியின் வெளிநாட்டு ஆர்டர் சம்பந்தமான மெயில்களை அனுப்ப நான் வாரத்துக்கு மூன்று நாள் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காளிராஜின் பிரவுசிங் சென்டருக்குப் போவேன். மாடியில் மூன்று கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்த கை என்பதால் காளிராஜுக்கு என்மேல் மரியாதை. கம்பெனி வேலை முடிந்த பிறகு பத்து நிமிஷம் சும்மா பார்த்துக்கொள்ள விடுவான்.

எங்கள் ஜெபங்களுக்கு ஒரு முறை உண்டு. சர்ச்சுப் பெண்கள் கூடுகிற பெண்கள் ஐக்கியத்தில் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். பெயர், வயது, ஊர், தேவை. இவ்வளவும் இருந்தால்தான் சபையார் அந்த ஆளை மனதில் நிறுத்தி ஜெபிக்க முடியும். நான்தான் ஐக்கியத்தின் செயலாளர். மொட்டையாக ‘ஒரு சகோதரிக்காக’ என்று எழுதிக் கொடுக்கிறவர்களிடம் சீட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ஊர் போடாத விண்ணப்பம் பின்கோடு இல்லாத தபால் மாதிரி என்று பிரசங்கமே செய்திருக்கிறேன். அதே பழக்கத்தில் இங்கிலீஷில் அழகாக அடித்தேன்.

‘என் தங்கை செல்லக்கனி, வயது 32, ஸ்ரீவில்லிபுத்தூரில் தையல் கடையில் வேலை செய்கிறாள். மகள் பெனிட்டா. கணவர் பொன்னுராஜ் கண்ணில் படாதபடி கர்த்தர் அவர்களை மறைத்துக் காக்க ஜெபியுங்கள். இப்படிக்கு, ஜெயபாய், ராஜபாளையம்.’ கீழே மெயில் விலாசம் கேட்டது. அதையும் கொடுத்தேன்.

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த காளிராஜ் சிரித்தான். “எங்க கோயில்ல அர்ச்சனைக்குப் பேரு, நட்சத்திரம் சொன்னாப் போதும்க்கா. நீங்க வேலை பாக்குற எடம் வரைக்கும் சொல்லுதீக. ஒங்க சாமிக்கு இம்புட்டு அடையாளம் வேணுமா?” என்றான். உன் வேலையைப் பார் என்றேன்.

அடுத்த வாரம் திறந்தால் என் விண்ணப்பம் அந்த ஜெபப் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி அப்படியே நின்றது. அதன் கீழே ‘ஜெபித்தேன்’ என்று ஒரு பட்டன். ஒன்பது பேர் அமுக்கியிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மெயிலும் வந்திருந்தது. சகோதரர் சாலமோன் என்று ஒருவர். உங்கள் தங்கைக்காக உபவாசம் இருக்கிறேன், பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டிருந்தார். எழுதினேன். அவர் மறுபடியும் எழுதினார். நானும் எழுதினேன். இரண்டு மாதம் இப்படியே போனது. எனக்கு அந்த மெயில்கள் எவ்வளவு ஆறுதலாக இருந்தன என்பதை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவர் ஒரு தடவைக்கு ஒன்றுதான் கேட்பார். பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம், அந்தப் பள்ளிக்கூடத்துக்காகவும் ஜெபிக்கலாம் என்பார். இன்னொரு தடவை, பள்ளி விடும் நேரம் எது, சின்னப் பிள்ளைகள் ரோட்டைத் தாண்டுகிற நேரம் ஆபத்தானது, அந்த நேரத்தில் முழங்கால் போட வேண்டும் என்பார். பிள்ளையைக் கூப்பிட யார் வருவார்கள் என்று ஒரு தடவை. தாய்க்கு வேலை முடிய ஆறு மணியாகும், பிள்ளை தனியாகவே நடந்து கடைக்கு வந்துவிடும், தூரம் கொஞ்சந்தான் என்று எழுதினேன். இதை நான் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியிருப்பேனா? நாக்கை அறுத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மெயிலைத் திறந்தேன். முந்தின நாள் சாயங்காலம் வந்திருந்தது.

‘அன்பான சகோதரி, நாளை ஊழியமாக உங்கள் பக்கம் வருகிறேன். நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்று ஜெபித்துவிட்டுப் போவேன். செல்லக்கனிக்காகவும் மொச்சைக்காகவும் பாரத்தோடு காத்திருக்கிறேன்.’

மொச்சை என்ற இடத்தில் என் கண் நின்றது. முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

பெனிட்டா நடை பழகுகிற வயதில் மொச்சைக் கொட்டையை மூக்கில் திணித்துக்கொண்டு பெரிய ரகளை ஆனது. அதிலிருந்து அவளை மொச்சை என்று கூப்பிடுகிற ஆள் உலகத்திலேயே ஒருவன்தான், அவள் அப்பன். அந்தப் பெயரை நான் எழுதவே இல்லை. என் வாயிலிருந்தே அது வந்ததில்லை.

காளிராஜ் என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் தேடுகிற பெட்டியில் என் தங்கை பெயரை அடித்தான். செத்த நேரம் அது யோசித்தது. பிறகு வரிகள் வந்தன. மூன்றாவது வரியில் என் ஜெபம். பேரும் ஊரும் போட்டு, தப்பில்லாத இங்கிலீஷில்.

“இது அமெரிக்காவுல இல்லக்கா. தூத்துக்குடியில பேரை அடிச்சாலும் இதுதான் வரும்” என்றான் காளிராஜ்.

பள்ளிக்கூட நம்பரை டைரக்டரியில் தேடி அவனே போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. நான் விடாமல் அடிக்கிறேன், நீங்கள் பஸ்ஸைப் பிடியுங்கள் என்று என்னைத் தள்ளாத குறையாக அனுப்பினான்.

அந்தப் பஸ் பயணத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கண்டக்டர் சில்லறை கேட்டு இரண்டு தடவை அதட்டினான். நான் இதுவரை எழுதின மெயில்களை ஒவ்வொன்றாக மனதில் புரட்டினேன். தெரு சொன்னேனா? சொல்லவில்லை. கடை பெயர்? சொல்லவில்லை. ஆனால் பிள்ளை பின்னால் நடந்து போனால் கடை தெரிந்துவிடும். அதற்கு நான் தெருப் பெயர் எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்கும்போது எல்லாம் அற்பம். சேர்த்துப் பார்த்தால் வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறேன். ஜெபிக்க நினைத்தேன். வாய் திறக்கப் பயமாக இருந்தது.

கோபுரம் தெரிந்ததுமே படியில் வந்து நின்றுகொண்டேன். அன்று ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது மணி மூன்று தாண்டியிருந்தது. வாசலில் யாரும் இல்லை. ஹெட்மிஸ்ட்ரஸிடம் பெனிட்டாவின் பெரியம்மா என்றேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாயைத் தவிர யார் வந்து கேட்டாலும் பிள்ளையை அனுப்பக்கூடாது என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள், பெரியம்மாவாக இருந்தாலும் சரி என்றார். என் தங்கை எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறாள். அவள் கட்டின வேலியில் நான்தான் ஓட்டை போட்டிருக்கிறேன்.

தையல் கடைக்கு ஓடினேன். மிஷின் சத்தத்தில் நான் சொன்னது கனிக்கு முதலில் கேட்கவில்லை. கேட்டதும் அவள் அழவில்லை, கத்தவில்லை. கால் மிதியில் அப்படியே நின்றுபோனது. நம்மள அவனுக்கு யார் காட்டிக் கொடுத்தது என்று மட்டும் கேட்டாள். நான்தான் என்று அப்போது சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பொறவு சொல்லுதேன், முதல்ல பிள்ளை என்றேன்.

பக்கத்து மிஷினில் இருந்த பெத்தம்மாள்தான் அந்த நேரத்தில் நிதானமாக இருந்தாள். வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்துக்காரி. பொன்னுராஜ் அவளைப் பார்த்ததே இல்லை. கனி ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தாள். சத்துணவுக் கூடத்துப் பக்கம் ஒரு சின்னக் கதவு உண்டு, பிள்ளையை அந்த வழியாகக் கூட்டி வருகிறேன், நீ வத்திராயிருப்பு பஸ் நிற்கிற இடத்துக்கு வந்துவிடு என்று கனியிடம் சொல்லிவிட்டுப் பெத்தம்மாள் செருப்பைக் கூட மாட்டாமல் இறங்கினாள். நான் முன்வாசலுக்குப் போனேன். அவன் வந்திருந்தால் என்னைத்தான் பார்க்க வேண்டும்.

வந்திருந்தான். எதிர்ச் சாரியில் வேப்ப மரத்தடியில் நின்றான். அதே மடிப்புக் கலையாத சட்டை. கையில் காகிதக் கூம்பு. வேறு நாலைந்து அப்பன்மாரும் நின்றார்கள். அவர்களில் இவன் எவன் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அவன் என்னைப் பார்த்துத் திடுக்கிடவில்லை.

“வாங்க மதினி” என்றான். “மெயில் கெடைச்சுதா?”

நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. போலீஸ் என்றேன், பாதிரியார் என்றேன், ஏதேதோ சொன்னேன். பள்ளிக்கூடத்துக்குள் பெத்தம்மாள் நடந்து போகிற தூரத்தை மனதுக்குள் அளந்துகொண்டே பேச்சை இழுத்தேன். அவன் பொறுமையாகக் கேட்டான். நடுவில் கூம்பை என் பக்கம் நீட்டினான். அவித்த மொச்சை. இன்னும் சூடாக இருந்தது.

“நான் எங்கயும் தேடி அலையல மதினி. ஆபீஸ்ல ஒரு நாள் சும்மா உக்காந்து அவ பேரை அடிச்சேன். நீங்க எனக்காகவே எழுதி வச்சாப்புல இருந்துச்சு” என்றான். பிறகு, “உங்க இங்கிலீஷ் எங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் வராது” என்றான்.

மணி அடித்தது. பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். அவன் என்னை விட்டுவிட்டு வாசலையே பார்த்தான். ஒவ்வொரு பிள்ளை முகத்தையும் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு தகப்பனுடைய ஆசையும் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் பயம் கூடியது. கூட்டம் குறைந்தது. கடைசிப் பிள்ளையும் போய், வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். பொன்னுராஜ் கேட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். புரிந்துகொண்டான்.

கழுத்தை நெரிப்பான் என்று நினைத்தேன். அவன் கூம்பை என் கையில் வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டான்.

“பரவால்ல மதினி. இன்னும் எழுதுவீங்கல்லா” என்றான்.

நான் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன். அவனும் அதே பஸ்ஸில் ஏறி எனக்கு இரண்டு சீட் பின்னால் உட்கார்ந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிடரி மட்டும் கூசிக்கொண்டே இருந்தது. ராஜபாளையத்தில் இறங்கியபோது கூட்டத்தில் அவன் எங்கே போனான் என்று தெரியவில்லை.

கனியும் பிள்ளையும் மகாராஜபுரத்தில் பெத்தம்மாளின் தாய் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று மறுநாள் தகவல் வந்தது. நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பெத்தம்மாளிடம் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினேன். அதில் எல்லாவற்றையும் எழுதினேன். யார் காட்டிக் கொடுத்தது என்று கேட்டாயே, நான்தான் என்று.

ஜெபப் பக்கத்துக்காரர்களுக்கும் எழுதினேன். தயவுசெய்து என் விண்ணப்பத்தை எடுத்துவிடுங்கள், ஒரு உயிர் சம்பந்தப்பட்டது என்று நாலு தடவை எழுதினேன். ஒரு பதில் வந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம், உங்கள் விண்ணப்பத்துக்காக முப்பத்தொன்பது பேர் ஜெபித்திருக்கிறார்கள், இன்னும் அநேகர் பயன்பெறும்படி எங்கள் மற்ற பக்கங்களிலும் சேர்த்திருக்கிறோம் என்று. காளிராஜ் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். ஒரு பக்கத்தில் இருந்த என் ஜெபம் இப்போது மூன்று பக்கத்தில் இருந்தது.

பத்து நாள் கழித்துக் கம்பெனிக்கு எனக்கு ஒரு போன் வந்தது. மேனேஜர் மேஜையில் நின்றுகொண்டு எடுத்தேன். கனி. பின்னால் பஸ் சத்தமும் யாரோ கூவி விற்கிற சத்தமும் கேட்டது. எந்த ஊர் பஸ் ஸ்டாண்டாகவும் இருக்கலாம். மகாராஜபுரத்தை விட்டுக் கிளம்பிவிட்டார்களாம். என் கடிதத்தைப் படித்தாளாம்.

“எங்கருந்துட்டி பேசுத?” என்றேன்.

“பிள்ளை நல்லா இருக்கா” என்று மட்டும் சொன்னாள்.

“எம்மேல கோவமாட்டி?” என்றேன்.

“கோவம் இல்லக்கா. ஆனா எங்க இருக்கேன்னு ஒங்கிட்டச் சொல்ல மாட்டேன்” என்றாள். “நீ மனுசங்க யார்ட்டயும் சொல்ல மாட்ட, எனக்குத் தெரியும். சாமிகிட்டச் சொல்லிருவ.”

வைத்துவிட்டாள்.

வந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கியத்தில் ஜெபச் சீட்டுக் கொடுத்தார்கள். பெயர், வயது, ஊர், தேவை. நானே அச்சடிக்கக் கொடுத்த சீட்டு. பக்கத்தில் இருந்தவள் பேனாவை நீட்டினாள். இரண்டு பெஞ்சு தள்ளிப் பொன்னுராஜின் சித்தி எழுதிக்கொண்டிருந்தாள். நான் சீட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் மடித்துப் பெட்டியில் போட்டேன்.